உடைய வேண்டிய ஆணி

ரிப்பேர்ப் பட்டறை மாஸ்டர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்ற செய்தி பரவியபோது தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இத்தனை காலம் எப்படி விழாமல் இருந்தார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்த ஏணியின் நடுப்படி ஒன்று என்றோ போய்விட்டது. அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இரண்டு பக்கமும் வரிந்து கட்டியிருந்தார். கேட்டால், "இது நமக்கு அப்புறமும் இருக்கும்" என்பார். சொன்னது பலித்தது. குழாய் உடையவில்லை, உருண்டது. குழாய் இன்னும் இருக்கிறது. உடைந்தது மாஸ்டரின் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு.

இதில் அவருக்கே பொறுக்காத விஷயம், அன்று எதற்காக ஏறினார் என்பதுதான். எப்போதாவது வரும் நல்ல புத்தி அன்று வந்து, ஒரு கேட்டின் கீலுக்கு அளவான புது போல்ட்டையே போட்டுவிடலாம் என்று பரணில் இருந்த பெட்டியை எடுக்க ஏறியிருந்தார். "பேசாம கட்டுக்கம்பி போட்டு முறுக்கி விட்டிருந்தா இந்நேரம் நடந்துக்கிட்டு இருப்பேன்" என்று ஸ்ட்ரெச்சரில் போகும்போதே புலம்பினார்.

எலும்பைச் சேர்த்து வைக்க ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் போட்டிருப்பதாக டாக்டர் வந்து சொன்னார். மயக்கம் முழுசாகத் தெளியாத மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஸ்பிரிங் வாஷர் போட்டீங்களா?"

"எலும்புக்கு அதெல்லாம் வேண்டாம்."

"ஆட்டத்துல கழண்டுடும் டாக்டர்."

"நீங்க ஆடாம படுத்திருந்தா கழலாது."

கட்டில் ஓரத்தில் நின்றிருந்த அவர் மனைவிக்கு, அவர் விழுந்ததிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவளைத் தெருவில் எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பித்து வைத்தவர் வாஷர். அதாவது மாஸ்டரிடம் வேலை பார்ப்பவர். நாற்பதைத் தாண்டியவர், மாஸ்டரைவிட இளையவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் உலகத்தில் எந்தக் கோளாறையும் கூடுதலாக ஒரு வாஷர் போட்டால் சரிசெய்துவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். சத்தம் வந்தால் ஒரு வாஷர். ஒழுகினால் ஒரு வாஷர். கதவு சாத்தவில்லை என்றால் கீலுக்கு அடியில் ஒரு வாஷர். ஒருமுறை அவர் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோதுகூட, எங்கே வாஷர் போடுவது என்று தெரியாமல்தான் அவர் திண்டாடுகிறார் என்று கேலி செய்தார்கள்.

அண்ணிக்குப் பட்டறையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் பல வருஷம் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து போன் எடுத்தவள். "ஃபிரிட்ஜ் செத்துப்போச்சு" என்று அழும் ஆளிடம், "சார், பிளக் சொருகியிருக்கா?" என்று குரல் மாறாமல் கேட்கத் தெரியும். மனிதர்கள் பழுதைப் பற்றிச் சொல்வதில் பாதி தப்பு, மீதி கோபம் என்பதும் தெரியும். கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்ட பிறகு வீட்டில் இருந்தாள். ஸ்பேனரைக் கையில் பிடித்ததில்லை. ஆனால் மாஸ்டர் படுக்கையில் கிடக்க, பேக்கரிக்காரரின் மாவு பிசையும் மெஷின் பட்டறையில் பிரித்தபடியே கிடக்க, அந்த மனிதர் தினமும் வீட்டு வாசலில் வந்து உடல்நலம் விசாரிப்பது போல மெஷின் நலம் விசாரிக்க, அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆழம் தெரியாமல்தான் காலை விட்டாள்.

பூட்டு திறந்தது. ஷட்டர் அசையவில்லை. பக்கத்தில் வாஷர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க தூக்குங்களேன்."

"அண்ணன்தான் தூக்குவாரு அண்ணி. நான் வந்து நிப்பேன்."

அவள் போன் போட்டாள். "ஏங்க, ஷட்டர் ஏறமாட்டேங்குது."

"வலது பக்கம் கீழ் மூலையில ஒரு உதை விடு."

"விட்டேன்."

"மெதுவா விட்டிருப்ப. கோபமா விடணும். என்னை நெனச்சுக்கிட்டு விடு."

ஷட்டர் சரசரவென்று உச்சிவரை ஏறியது.

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். எரியவில்லை. மறுபடி போன். சுவிட்சைப் போட்டபடி சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டுமாம். தட்டினாள், எரிந்தது. வெளிச்சத்தில் கணவரின் ராஜ்யத்தை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள்.

டிரில்லிங் மெஷினின் சுவிட்சை, துணி காயப்போடும் கிளிப் ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. கிளிப்பை எடுத்தால் மெஷின் நிற்கும், மாட்டினால் ஓடும். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்குக் கைப்பிடி இல்லை; அந்தத் துளையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று சொருகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் அங்கே போய்விட்டதால் ஸ்க்ரூ கழற்ற உளி. உளி அந்த வேலைக்குப் போய்விட்டதால் தகடு வெட்டப் பழைய கத்தி. சுத்தியல் மட்டும் சும்மா இருப்பது போலத் தெரிந்தது. குனிந்து பார்த்தால், அது மேஜையின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் வேலையைப் பெரிய ஸ்பேனர் பார்த்தது. யாரும் அவரவர் வேலையைப் பார்க்காமல், எல்லாரும் அடுத்தவர் வேலையைப் பார்க்க, மொத்தத்தில் எப்படியோ காரியம் நடக்கும் இடத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். அவளுடைய பழைய புகார்ப் பிரிவும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் மூடினார்கள்.

மூலையில் ஒரு டின் நிறைய நட்டு. பக்கத்தில் ஒரு டின் நிறைய போல்ட்டு. இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாக எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். மரை சேரவில்லை. இன்னொரு ஜோடி. அதுவும் சேரவில்லை.

"சேர்றதெல்லாம் குடும்பம் நடத்தப் போயிடுச்சு அண்ணி" என்றார் வாஷர். "இது மிச்சம்."

"அப்ப எதுக்கு வச்சிருக்கீங்க?"

"என்னைக்காவது ஒண்ணுக்கு ஒண்ணு கிடைக்காமலா போகும்னு அண்ணன் சொல்வாரு."

முதல் இரண்டு மூன்று நாள் போன் ஓயவில்லை. அவள் கேட்பாள்: "சத்தம் வருதா, புகை வருதா, ரெண்டும் வருதா?" மாஸ்டர் படுக்கையிலிருந்து எரிந்து விழுவார்: "நீ என்கிட்ட கேக்கறியா, நான் உன்கிட்ட புகார் பண்றேனா?" அரவைக் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். காற்றடிக்கும் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசக்கூடாது. ஏன் என்று அவருக்கே தெரியாது, ஆனால் பேசினால் நின்றுவிடும். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு கேள்விப்பட்டதில்ல நீ?" என்றார் ஒருநாள்.

"புல்லையே ஆயுதமா வச்சுக்கறதுன்னா, ஆயுதத்தை எதுக்கு வாங்கிப் போட்டீங்க?"

அன்றிலிருந்து அவள் போன் பண்ணுவதைக் குறைத்தாள். கேட்பதைவிடச் செய்வது சுலபம் என்று தோன்றிவிட்டது. ஹார்டுவேர் கடைக்குப் போய் வைஸுக்குக் கைப்பிடி வாங்கி வந்தாள். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து டிரில்லிங் மெஷினுக்கு ஒரு சுவிட்சும் விளக்குக்கு ஒரு சுவிட்சும் போட்டாள். ஷட்டர் ஓடும் தடத்தில் வளைந்திருந்த இடத்தை வாஷரிடம் சொல்லித் தட்டி நிமிர்த்தி, கிரீஸ் தடவினாள். மறுநாள் ஒரு விரலால் தூக்கினாள்; ஏறியது. மேஜையின் குட்டைக் காலுக்கு ஒரு மரத்துண்டை வைத்து அறைந்து, சுத்தியலுக்கு விடுதலை கொடுத்தாள். ஸ்க்ரூ டிரைவர் தன் வேலைக்குத் திரும்பியது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. ஆட்கள் வந்தால் உட்கார வைத்து, எப்போது ஆரம்பித்தது, முதலில் என்ன ஆனது, நீங்களே கைவைத்தீர்களா என்று விசாரித்தாள். கடைசிக் கேள்விக்கு யாருமே முதலில் உண்மை சொல்வதில்லை. அவள் அமைதியாகக் காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

மாவு பிசையும் மெஷினுக்குப் பேரிங் மாற்றி, வாஷர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிக்கொண்டு வந்தார். பிசையும் கையைச் சுழற்றும் தண்டு ஒரு பெரிய பல்சக்கரத்துக்குள் போய் உட்கார வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு துளை. அந்தத் துளைக்கு வாஷர் எடுத்தது ஒரு சாதாரண ஆணி. தலை வெட்டிய, கொஞ்சம் துருவேறிய ஆணி.

அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இதென்ன?"

"குறுக்கே போடறது."

"ஒரு பேக்கரியே இந்த ஆணியிலயா ஓடுது?"

"அண்ணன் எப்பவும் ஆணிதான் போடுவாரு."

"உங்க அண்ணன் எப்பவும் எதையாவதுதான் போடுவாரு."

வாஷர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் காரணம் தெரியாது. ஒருபக்கம் முதலாளி, ஒருபக்கம் முதலாளியம்மா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "வேணும்னா ஒரு வாஷர் போட்டு..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் அந்த அளவுக்கு இருப்பதிலேயே உறுதியான போல்ட்டாகக் கேட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர், "இதுல லாரியையே கட்டி இழுக்கலாம்" என்றார். அதைக் கேட்டு அவளுக்குத் திருப்தியாக இருந்தது. போல்ட்டை மாட்டி, நட்டு போட்டு, வாஷரின் மனம் குளிர ஒரு வாஷரும் போட்டு இறுக்கினார்கள். மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. பேக்கரிக்காரர் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது, "மாஸ்டர் இருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காதும்மா" என்றார். அதை அவள் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஏதோ முனகிப் பாடினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பேக்கரிக்காரர் பட்டறைக்குள் வந்தார். சட்டையெல்லாம் மாவு. கையில் அந்தப் பல்சக்கரம். அதை மேஜை மேல் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு இரும்புப் பல். பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி நின்றார்.

"என்ன ஆச்சுண்ணே?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போது மாவு அள்ளற கரண்டி உள்ள விழுந்துடுச்சும்மா. மாட்டிக்கிச்சு. அப்படி ஒரு சத்தம். நிறுத்திப் பாத்தா இது."

"கரண்டியை யாரு போட்டது?"

அவர் சட்டையில் இருந்த மாவைத் தட்டினார். அவள் காத்திருந்தாள்.

"நான்தான்" என்றார். "ஆனா இதுக்கு முன்னாடியும் விழுந்திருக்கு. அப்பெல்லாம் மெஷின் பாட்டுக்கு நிக்கும், மாஸ்டர் வந்து பாப்பாரு, அரை மணி நேரத்துல ஓடும். பல்லு போனதில்ல."

அவள் உடைந்த பல் ஒன்றை எடுத்துச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தாள். ஏன் உடைந்தது என்று இன்னும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் பழுதான பொருளும் அதன் சொந்தக்காரரும் எதிரே நிற்கும்போது, தப்பு எந்தப் பக்கம் என்று புகார்ப் பிரிவில் இருந்தவளுக்குத் தெரியும்; இந்த முறை அது தன் பக்கம். புதுச் சக்கரம் செய்த இடத்திலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும் என்று விசாரித்ததில் தெரிந்தது. நாளைக் காலைக்கு ரொட்டி போட்டாக வேண்டும். கையால் பிசைந்தால் பாதிக்கடைக்குக்கூட வராது என்றார் பேக்கரிக்காரர்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

மாஸ்டர் தலையணையில் சாய்ந்து, முதுகு சொறியப் பழைய குடைக்கம்பி ஒன்றை வளைத்துக்கொண்டிருந்தார். அவள் சக்கரத்தை அவர் மடியில் வைத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். ஆணியை எடுத்தது, போல்ட் வாங்கியது, லாரியைக் கட்டி இழுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னது வரை.

அவர் உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போல்ட்டு உடையலியா?"

"இல்ல."

"நல்ல போல்ட்டுதான்" என்றார். சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "அந்த ஆணி உடையறதுக்குத்தான் இருக்கு. அவரு மாசத்துக்கு ஒருதரம் கரண்டியை உள்ள போடுவாரு. ஏதாவது சிக்கினா ஆணி உடையும், சக்கரம் தப்பிக்கும். அந்த இடத்துல கெட்டியா எதுவும் போடக்கூடாது" என்றார்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"எதைன்னு கேப்பேன்? உங்க கடையில ஒண்ணு ஆணியில நிக்குது, இல்லாட்டி கயித்துல நிக்குது. சுவிட்சுல கிளிப்பு. மேஜைக்கடியில சுத்தியல். ஏணியில டியூபு. அதுல எது யோசிச்சு வச்சது, எது சோம்பேறித்தனத்துல வச்சதுன்னு ஒரு மனுஷி எப்படிக் கண்டுபிடிக்கறது? எல்லாமே ஒரே மாதிரிதான இருக்கு."

மாஸ்டர் முதுகு சொறியும் கம்பியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கே சில சமயம் அந்தக் குழப்பம் வந்ததுண்டு என்பதை அவர் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் அவள். "கேட்டிருக்கணும். உங்க மேல இருந்த கோபத்துல கேக்கல."

"சரி. வண்டியைக் கூப்பிடு."

"எதுக்கு?"

"பட்டறைக்கு. பல்லு கட்டணும்."

டாக்டர் நடக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். உட்காரக்கூடாது என்று சொல்லவில்லையே என்றார் மாஸ்டர். பேக்கரிக்காரரின் ரொட்டி வண்டியே வந்தது. தட்டுகளை இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பட்டறை வாசலில் இறங்கியதும் மாஸ்டர் முதலில் பார்த்தது மேலே ஏறிக் கிடந்த ஷட்டரை. வாஷரிடம் ஒருதரம் இறக்கி ஏற்றச் சொன்னார். சத்தமில்லாமல் இறங்கியது, சத்தமில்லாமல் ஏறியது. "உதைக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அவரை மேஜை ஓரம் உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலை நட்டு டின்னின் மேல் ஒரு தலையணை போட்டு நீட்டிவைத்தார்கள். எதுவும் அவர் கை நினைவில் இருந்த இடத்தில் இல்லை. ஸ்க்ரூ டிரைவருக்காக வைஸைத் தேடினார். அதில் கைப்பிடி இருந்தது. சுத்தியலுக்கு ஸ்பேனரை நீட்டச் சொன்னார். வாஷர் சுத்தியலையே நீட்டினார். "என் கடையில எனக்கே வழி கேக்க வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்தார்.

ஆனால் வேலை ஆரம்பித்ததும் பேச்சு குறைந்தது. மாஸ்டர் சொல்லச் சொல்ல, வாஷர் செய்தார். பல் உடைந்த இடத்தின் அடிப்பகுதியை அரத்தால் சமமாகத் தேய்த்தார். அதில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்குள் மரை வெட்டினார். ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்க்ரூவை இறுக்கி இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அளவாக வெட்டினார். பார்க்க முளைக்குச்சிகளை நட்டுவைத்த பாத்தி மாதிரி இருந்தது. வெல்டிங் வைத்து இடைவெளியை நிரப்பி, ஆறவைத்தார். பிறகு நல்ல பல் ஒன்றின் மேல் அட்டையை வைத்து அழுத்தி, அதே வடிவத்துக்கு வெட்டி, அந்த அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்து அரத்தால் தேய்க்க ஆரம்பித்தார்.

அண்ணி வாஷரை அதுவரை இப்படிப் பார்த்ததில்லை. அரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சும் போய்த் திரும்பியது. அட்டையை வைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், ஒரு இழை தேய்ப்பார். பேக்கரிக்காரர் வாயைத் திறந்தபோது மாஸ்டர் கையைக் காட்டி அடக்கினார். கடைசியில் வாஷர் சக்கரத்தை அவரிடம் நீட்டினார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விரலை வட்டமாக ஓட்டினார். எது பழைய பல், எது புதுப் பல் என்று விரலுக்குத் தெரிந்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"டீ குடி போ" என்றார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது என்பது வாஷருக்குத் தெரியும். முகமெல்லாம் சிரிப்பாகப் போனார்.

வாஷர் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி சும்மா இருக்கவில்லை. சிவப்புப் பெயின்ட் டின்னையும் ஒரு சின்னப் பிரஷ்ஷையும் எடுத்துவந்து மாஸ்டர் முன்னால் நின்றாள்.

"இங்க இருக்கற ஒட்டு வேலை ஒவ்வொண்ணா காட்டறேன். யோசிச்சு வச்சதுன்னா சொல்லுங்க, சிவப்பு வச்சுடறேன். அதை யாரும் தொடமாட்டோம். இல்லாட்டி மாத்திடறேன்."

"எல்லாமே யோசிச்சதுதான்."

"அரவைக் கல்லைக் கையால சுத்திவிடறது?"

மாஸ்டர் யோசித்தார். "அது... கெபாசிட்டர் வாங்கணும்னு நெனச்சேன்."

"எப்ப?"

"அதை விடு. அடுத்தது."

"அந்தக் கம்பிக்கட்டு? காத்து வர்ற குழாயை ஆணியில தொங்கவிட்டிருக்கீங்களே."

"அதைத் தொடாத. அந்தக் குழாய்க்குக் கொஞ்சம் ஆட்டம் வேணும். இறுக்கிக் கட்டினா வெடிச்சுடும்."

சிவப்பு வைத்தாள். கடை முழுக்கச் சுற்றி வந்தபோது சிவப்புப் பொட்டு வாங்கியவை மிகக் கொஞ்சம். மாஸ்டருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. ஒரு கட்டத்தில் அவள் கேட்காமலேயே, "அது சோம்பேறித்தனம்" என்று தானாகச் சொல்ல ஆரம்பித்தார். காற்றடிக்கும் மெஷினைப் பற்றி மட்டும் இருவராலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் அதன் பக்கம் போய்ப் பேசாமல் இருந்துவிடுவது என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் சக்கரம் பேக்கரிக்குப் போய் மெஷினில் ஏறியது. குறுக்கே போடவேண்டிய ஆணியை அண்ணியே வெட்டினாள். ரம்பம் முதல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் பிடித்தது. கையோடு இன்னும் ஒரு கைப்பிடி ஆணியை வெட்டி, ஒரு டப்பாவில் போட்டுப் பேக்கரிக்காரரிடம் கொடுத்தாள்.

"கரண்டி விழுந்து நின்னுச்சுன்னா, பிளக்கைப் பிடுங்கிட்டு இதுல ஒண்ணை மாத்துங்க. வேற எதையும் போடாதீங்க. கெட்டியா இருக்கேன்னு ஸ்க்ரூ டிரைவரை வெட்டி சொருகாதீங்க."

"நான் ஏம்மா அப்படிப் பண்ணப்போறேன்?"

"பண்ணமாட்டீங்க. சொல்லிவச்சேன். கரண்டியைக் கயித்துல கட்டித் தொங்கவிடுங்க. கயிறு உள்ள எட்டாத நீளமா இருக்கட்டும்."

மறுநாள் ரொட்டி வந்தது. கட்டின பல்லோடு மெஷின் தடையில்லாமல் ஓடியது. புதுச் சக்கரம் வந்தபோது பேக்கரிக்காரர், ஓடுவதை எதற்குப் பிரிப்பது, அது பாட்டுக்கு அலமாரியில் இருக்கட்டும் என்றார். மாஸ்டரும் அதற்குத் தலையாட்டப் பார்த்தார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. வாஷரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு மதியத்தில் பிரித்துப் பூட்டிவிட்டு வந்தாள். கையெல்லாம் கிரீஸ். பழைய சக்கரத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டலாம் என்று வாஷர் ஆசைப்பட்டார், மாட்டினார்கள். பார்க்கிறவர்களிடம் எது தான் கட்டின பல் என்று கண்டுபிடிக்கச் சொல்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

மாஸ்டர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்துப் பட்டறைக்கு வந்தபோது, அண்ணி வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தார். அவள் போகவில்லை. அவரும் போ என்று சொல்லவில்லை. ஏணியை அவள் ஏற்கெனவே பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தாள். அதைப் பற்றி அவர் விசாரிக்கவும் இல்லை. முன்பக்கம் அவள், மேஜையில் அவர் என்று ஆயிற்று. ஏற்பாடு சொல்லும் அளவுக்கு சுமுகமாக இல்லை. அவளுக்குப் பாதியில் நிற்கும் வேலையைப் பார்த்தால் பொறுக்காது. அவருக்கு ஒரு வேலையை முடித்துவிட்டால் பிறகு அதன் மேல் அக்கறை வராது. ஒரே பொருளை இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து கழற்றிக்கொண்டிருந்த நாளும் உண்டு.

ஒருநாள் சலூன்காரர் தன் நாற்காலியோடு வந்து இறங்கினார். உட்கார்ந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறார் என்பது புகார்.

"சவரம் பாதி நடக்கும்போது ஆளு என் இடுப்புக்குப் போயிடறாரு. கத்தியை வச்சுக்கிட்டு நானும் கூடவே குனிய வேண்டியிருக்கு."

"நீங்களே ஏதாவது பண்ணிப் பாத்தீங்களா?" என்றாள் அண்ணி.

சலூன்காரர் கூரையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"கொஞ்சம் தேங்காயெண்ணெய் ஊத்தினேன்" என்றார்.

"உள்ள ரப்பர் வளையம் தேஞ்சிருக்கு. வாங்கித்தான் போடணும்" என்றாள் அவள்.

"ரெண்டு பக்கமும் மரக்கட்டையைக் கொடுத்தா எங்க இறங்கும்?" என்றார் மாஸ்டர், மேஜையை விட்டு நகராமல்.

"ஏறவும் ஏறாதே."

"எதுக்கு ஏறணும்? நாற்காலின்னா உட்கார்றதுக்கு."

வாஷர் சலூன்காரரின் தோளில் கைபோட்டு, "வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது முடிவாகியிருந்தது. ரப்பர் வளையம் வரும்வரை மரக்கட்டை. வந்த அன்றே கட்டையை எடுத்துவிட வேண்டும். கட்டையின் மேல் அந்தக் கெடு பெயின்ட்டால் எழுதியிருந்தது, அண்ணியின் கையெழுத்தில். நாற்காலி இருந்ததிலேயே உயரமான இடத்தில் நின்றுவிட்டது. அதனால் அந்த வாரம் முழுக்க சலூன்காரர் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுகொண்டு ஆட்களுக்கு முடிவெட்டினார்.